காசும் நெல்லும்: ஓய்வூதிய நிதிகளின் கதை

ராதாபுரம் தாலுகாவில் முதுமைக்கு மூன்று விதமான வருமானங்கள் உண்டு. மகேந்திரகிரி மலையடிவாரத்தில் ராக்கெட் என்ஜின்களைச் சோதித்துப் பார்க்கும் மத்திய அரசின் ஸ்தாபனத்தில், 2004-ம் ஆண்டுக்கு முன்பே வேலைக்குச் சேர்ந்து முழுக்காலமும் பணியாற்றி ஓய்வு பெற்ற ஒருவருக்கு, அவர் கடைசியாக வாங்கிய அடிப்படைச் சம்பளத்தில் பாதியும், அதன்மேல் விலைவாசியை அனுசரித்து ஏறிக்கொண்டே போகும் அகவிலை நிவாரணமும் மாதந்தவறாமல் வங்கிக் கணக்கில் வந்து சேர்கின்றன. அதே சுற்றுவட்டாரத்தில், வீட்டுத் திண்ணையில் அமர்ந்து சுளகை மடியில் வைத்துக்கொண்டு தம் இளமை முழுவதையும் பீடி சுற்றியே கழித்த பெண்மணிகளில் பலருக்குப் பி.எப். எனப்படும் வைப்புநிதியின் அலுவலகம் அனுப்புகிற ஓய்வூதியம் 1,000 ரூபாய், அல்லது அதைச் சற்றே தாண்டிய ஒரு தொகை. இடிந்தகரையிலும் கூட்டப்புளியிலும் கடலை நம்பி வாழ்ந்தவர்கள், மேற்கே வானம் பார்த்த செம்மண் காடுகளில் கூலிக்கு உழைத்தவர்கள் ஆகியோருள் ஆதரவற்றுப் போனவர்களுக்கு, எந்த நிதியிலும் அவர்கள் ஒரு காசும் செலுத்தியிராதபோதிலும், மாநில அரசின் முதியோர் உதவித்தொகையாக மாதம் 1,200 ரூபாய் கிடைக்கிறது.

வாழ்நாளெல்லாம் கூலியில் ஒரு பங்கைப் பிடித்துக் கொடுத்தவருக்குக் கிடைப்பது, ஒன்றுமே பிடித்துக் கொடுக்க வழியில்லாதவருக்குக் கிடைப்பதைவிடக் குறைவாக இருக்கக்கூடும் என்னும் இந்த விசித்திரத்தைக் கண்டு, உதவித்தொகை பெறுகிறவர்மீது பொறாமை கொள்வது பேதைமை. அந்த 1,200 ரூபாயும் போதாத தொகையே என்பதை எவரும் அறிவர். நாம் விசாரிக்க வேண்டியது வேறு. ஓய்வூதிய நிதி என்று ஒரு ஸ்தாபனம் ஏன் தோன்றியது, அதில் விழுகிற பணம் எங்கே போகிறது, இடையில் என்னவெல்லாம் நேர்ந்து அது முதியவரின் கைக்கு இவ்வளவு மெலிந்து வந்து சேர்கிறது என்பனவே கேள்விகள்.

வரகுணன் வைத்த முதல்

இந்த விசாரணைக்கு வெளிநாட்டு நூல்களைப் புரட்டுவதற்கு முன்னர், தாமிரவருணிக் கரைக்கே ஒருமுறை போய்வருவது நலம். இளங்கோய்க்குடி என்னும் பழம்பெயர் கொண்ட அம்பாசமுத்திரத்தில், 9-ம் நூற்றாண்டில் பாண்டிய நாட்டை ஆண்ட வரகுணனின் கல்வெட்டு ஒன்று கிடைத்திருக்கிறது. அம்மன்னன் 290 காசுகளை அவ்வூர்ச் சபையாரின் கையில் ஒப்புவித்து, அந்த முதலை ஒருபோதும் செலவழிக்காமல், காசு ஒன்றுக்கு ஆண்டுக்கு இரண்டு கலம் வீதம் 580 கலம் நெல்லை வட்டியாக அளந்து, திருப்போத்துடையார் கோயிலின் நித்திய வழிபாட்டை நடத்திவர வேண்டும் என்று விதித்தான். திருச்செந்தூர்க் கோயிலுக்கு அவன் வைத்த நிவந்தம் இதனினும் பெரிது. அங்கே 1,400 காசுகளைக் கொற்கை முதலிய பல ஊர்ச் சபைகளிடம் பகிர்ந்து கொடுத்து, அவ்வவ்வூரார் இதே வட்டி விகிதப்படி ஆண்டுதோறும் நெல் அளக்குமாறு ஏற்பாடு செய்தான்.

இவை கோயில் தர்மங்களேயன்றி ஓய்வூதியங்கள் அல்ல. ஆயினும் ஓய்வூதிய நிதி என்னும் ஸ்தாபனத்தின் அங்கங்கள் யாவும் இக்கல்வெட்டுக்களில் அமைந்து கிடக்கின்றன. குறையாமல் காக்கப்படும் முதல் ஒன்று. கொடுத்தவன் மறைந்த பின்னும் மறையாத ஒரு சபை. அந்த முதல் ஈட்டித்தரும் வருமானம். நாள் தவறாமல் நிறைவேற்றப்பட வேண்டிய கடமை: இந்த நான்கும் கூடினால் அது நிதி, இவற்றில் ஒன்று குறைந்தாலும் அது வெறும் பணப்பெட்டி. மேலும் இரண்டு நுட்பங்கள் நம் சிந்தனைக்கு உரியவை. முதலை ஓரிடத்தில் குவிக்காமல் பல சபைகளிடம் பரப்பி வைத்தமையால், ஓர் ஊர் நொடித்துப் போனாலும் கோயில் பூஜை நின்றுவிடாது. இரண்டாவது நுட்பம் அதனினும் ஆழமானது. முதல் காசாக இருந்தது. கடமையோ நெல்லாக அளக்கப்பட்டது. காசின் மதிப்பு ஏறினாலும் இறங்கினாலும், 580 கலம் நெல் 580 கலம் நெல்லே ஆகும். மன்னன் இதை எண்ணிச் செய்தானோ, காலத்தின் வழக்கத்தை ஒட்டிச் செய்தானோ, எவ்வாறாயினும் இன்றைய நிதி மேதைகள் விலைவாசிக்கு ஏற்ப உயரும் ஓய்வூதியம் என்று எதை விவரிக்கிறார்களோ, அதன் சாரம் அந்த ஏற்பாட்டிலேயே இருந்தது.

கணக்கு பிறந்த விதம்

மேல்நாடுகளில் இந்த ஸ்தாபனம் போர்வீரனிடமிருந்து தொடங்கிற்று. கொற்கை முத்துக்களை விரும்பி வாங்கிய ரோமாபுரியில், கி.பி. 6-ம் ஆண்டில் அகஸ்டஸ் சக்கரவர்த்தி, பணிமுடித்த வீரர்களுக்கு வழங்கவென்றே தனிக் கருவூலம் ஒன்றை நிறுவி, தம் சொந்தப் பணத்தை அதற்கு முதலாக இட்டு, வாரிசுச் சொத்துக்களில் நூற்றுக்கு ஐந்தும் ஏல விற்பனைகளில் நூற்றுக்கு ஒன்றும் வரியாக அதில் சேரும்படி செய்தார். பல நூற்றாண்டுகள் கழிந்து, 1744-ல் ஸ்காட்லாந்தின் திருச்சபைப் போதகர்கள், தாங்கள் இறந்தால் தங்கள் மனைவி மக்கள் பிச்சை எடுக்கலாகாது என்று கருதி, ராபர்ட் வாலஸ், அலெக்சாந்தர் வெப்ஸ்டர் என்னும் இரு போதகர்களின் முயற்சியால் ஒரு விதவைகள் நிதியை ஏற்படுத்தினார்கள். ஆண்டுதோறும் எத்தனை போதகர் இறப்பர், எத்தனை விதவைகள் எஞ்சுவர், அவர்கள் எத்தனை ஆண்டு வாழ்வர் என்பதையெல்லாம் பழைய பதிவேடுகளிலிருந்து எண்ணிக் கணித்து, அதற்கேற்பச் சந்தாவை நிர்ணயித்தமையே அவர்கள் செய்த புதுமை. தனி ஒருவன் எப்போது இறப்பான் என்று ஒருவராலும் சொல்ல இயலாது. ஆயிரம் பேரில் எத்தனை பேர் என்றால் ஏறக்குறையச் சரியாகச் சொல்லிவிடலாம் என்னும் அந்தக் கணித உண்மையின்மேல்தான் இன்றைய ஓய்வூதிய நிதிகள் யாவும் நிற்கின்றன. திருநெல்வேலிச் சீமையின் திருச்சபையிலும் இதே எண்ணத்தோடு உபதேசியார்களின் விதவைகளுக்கான நிதி 19-ம் நூற்றாண்டிலேயே தோன்றியதை இவ்விடத்தில் நினைவுகூரலாம்.

இந்தியாவில் கிழக்கிந்தியக் கம்பெனியார் 1770-ல் ஏற்படுத்திய கிளைவ் நிதிக்கு மூலம், வங்காள நவாப் மீர் ஜாபர் ராபர்ட் கிளைவுக்கு விட்டுச்சென்ற பெருந்தொகை. அதன் பலன் கம்பெனிப் படையில் அங்கஹீனம் அடைந்தவர்களுக்கும் இறந்தோரின் விதவைகளுக்கும் போயிற்று. போரையும் திருச்சபையையும் விட்டு இந்த ஏற்பாடு ஆலைத் தொழிலாளியிடம் வந்து சேர்வதற்கு இன்னும் ஒரு நூற்றாண்டு பிடித்தது. அமெரிக்காவில் அமெரிக்கன் எக்ஸ்பிரஸ் என்னும் சரக்குப் போக்குவரத்துக் கம்பெனி 1875-ல் தன் ஊழியருக்கு ஓய்வூதியம் வகுத்தது. 1889-ல் ஜெர்மனியில் பிஸ்மார்க், தொழிலாளியும் முதலாளியும் சந்தா செலுத்த, அரசும் தன் பங்கைச் சேர்க்கும் முதுமைக் காப்புச் சட்டத்தை இயற்றினார். 70 வயது நிரம்பியவர்களுக்கே அது பலன் தந்தது. அந்த வயதை எட்டிய தொழிலாளர்கள் அக்காலத்தில் மிகச் சிலரே.

ரூபாய்க்கு ஓர் அணா

தாமிரவருணிப் பள்ளத்தாக்கில் ஆலைத்தொழில் வேரூன்றியது 1880-களில். பாபநாசத்தில் நதி மலையிலிருந்து இறங்குகிற வேகத்தையே விசையாகக் கொண்டு ஹார்வி சகோதரர்கள் விக்கிரமசிங்கபுரத்தில் நூற்பாலை அமைத்தார்கள். சுதந்திரத்தை ஒட்டிய ஆண்டுகளில் தாழையூத்தில் இந்தியா சிமெண்ட்ஸ் ஆலை எழுந்தது. வயலில் உழைத்தவனுக்கு முதுமையில் மக்களும் நிலமும் துணை. ஆலைத் தொழிலாளிக்கோ, சங்கு ஊதும்போது உள்ளே போகவும் மறுபடி ஊதும்போது வெளியே வரவும் பழகிய அந்த உடம்பு ஒன்றுதான் சொத்து. அது தளர்ந்த பின் அவன் கதி என்ன என்னும் கேள்விக்கு, சில நல்ல முதலாளிகளின் தயாளத்தைத் தவிர வேறு விடை நெடுங்காலம் இல்லை.

அந்தக் கேள்விக்குச் சட்டத்தின் மூலம் ஒரு விடை தந்தது 1951 நவம்பர் 15-ல் பிறப்பிக்கப்பட்ட அவசரச் சட்டம். அது 1952 மார்ச்சில் தொழிலாளர் வைப்புநிதிச் சட்டமாக நிலைபெற்று, அவ்வாண்டு நவம்பர் முதல் சந்தா பிடிக்கப்படலாயிற்று. முதலில் சட்டத்துக்கு உட்பட்ட தொழில்கள் ஆறு: சிமெண்ட், சிகரெட், என்ஜினீயரிங், இரும்பும் உருக்கும், காகிதம், ஜவுளி. ஆறில் இரண்டு, அதாவது நூலும் சிமெண்டும், இந்தப் பள்ளத்தாக்கிலேயே இருந்தன. ஐம்பது பேருக்குக் குறையாத ஆலைகளில், மாதம் 300 ரூபாய் வரை சம்பளம் வாங்குவோர் ஒவ்வொருவரின் ஊதியத்திலும் நூற்றுக்கு ஆறேகால் பிடிக்கப்பட்டது. முதலாளியும் அதே அளவைச் செலுத்தவேண்டும். அணாக் கணக்கு பழகியிருந்த அக்காலத்தில் அதை விளக்குவது சுலபம்: தொழிலாளியின் ரூபாயில் ஓர் அணா, முதலாளியிடமிருந்து ஓர் அணா. முதல் ஆண்டில் அதற்குக் கிடைத்த வட்டி நூற்றுக்கு மூன்று.

ஆனால் இது ஓய்வூதியம் அன்று. வேலை முடிகிற அன்று மொத்தமாக ஒரு தொகையைக் கையில் கொடுத்து அனுப்புகிற சேமிப்பு மட்டுமே. அந்தத் தொகை மகளின் கல்யாணத்துக்கோ, வீட்டுக் கூரைக்கோ, பழைய கடனுக்கோ போய்விட, ஓய்வு பெற்றவர் இரண்டொரு ஆண்டுகளில் மறுபடியும் வெறுங்கையராக நிற்பது ஊரறிந்த கதையாயிற்று. ஆகவே 1971-ல் இறந்த தொழிலாளியின் குடும்பத்துக்கு உதவும் குடும்ப ஓய்வூதியத் திட்டமும், அதனை விழுங்கிக்கொண்டு 1995 நவம்பர் 16-ல் தொழிலாளர் ஓய்வூதியத் திட்டமும் வந்தன. மலேயாவில் 1951-லும் சிங்கப்பூரில் 1955-லும் இலங்கையில் 1958-லும் இதே போன்ற சேமநிதிகள் ஏற்பட்டன. ரப்பர்த் தோட்டங்களிலும் தேயிலை மலைகளிலும் துறைமுகங்களிலும் உழைத்த தமிழர்கள், தாயகத்துத் தொழிலாளர்களோடு ஏறக்குறைய ஒரே காலத்தில், சம்பளத்தில் ஒரு பங்கு முதுமைக்கென்று ஒதுங்குவதைக் கண்டார்கள்.

திண்ணையே தொழிற்சாலை

ஆலைக்குச் சுவரும் வாசலும் சங்கும் உண்டு. பீடித் தொழிலுக்கு அவை இல்லை. கம்பெனியின் கடையிலிருந்து இலையும் தூளும் வாங்கி வந்து, இலையை நனைத்து வெட்டி, தூளை இட்டுச் சுற்றி, நூல் கட்டி, எண்ணிக் கட்டுக்களாக்கித் திரும்பக் கொண்டுபோய்க் கொடுக்கும் பெண்கள், திருநெல்வேலிச் சீமையின் பெரும்பகுதியில் பல தலைமுறைகளாகக் குடும்பத்தைத் தாங்கி வந்திருக்கிறார்கள். 1977-ல் பீடித் தொழில் வைப்புநிதிச் சட்டத்துக்குள் கொண்டுவரப்பட்டபோது, வீட்டிலிருந்து சுற்றுகிறவர்கள் எங்கள் தொழிலாளிகளே அல்லர் என்று உற்பத்தியாளர்கள் வழக்காடினார்கள். 1985-ல் உச்சநீதிமன்றம் அந்த வாதத்தை ஏற்க மறுத்தது. கொண்டுவந்த பீடிகளில் சரியில்லாதவற்றைக் கழித்து ஒதுக்கும் உரிமை கம்பெனிக்கு இருக்கும்போது, அதுவே மேற்பார்வையும் அதிகாரமும் ஆகும். வேலை எங்கே நடந்தாலும் வேலை செய்பவர் தொழிலாளியே என்று அது தீர்ப்பளித்தது. கழிவு என்று சொல்லி நாளெல்லாம் உழைத்த கூலியைக் குறைத்து வந்த அதே அதிகாரம், அந்தப் பெண்களுக்கு முதுமை உரிமையை வாங்கித்தரும் சாட்சியமாக மாறியது நம் தொழிற்சட்ட வரலாற்றின் சுவையான திருப்பங்களுள் ஒன்று.

உரிமை கிடைத்துவிட்டது, தொகை ஏன் கிடைக்கவில்லை? அதற்குக் கணக்கைப் பிரித்துப் பார்க்கவேண்டும். பொதுவான தொழில்களில் தொழிலாளியும் முதலாளியும் ஊதியத்தில் நூற்றுக்கு 12 வீதம் செலுத்துகிறார்கள். பீடித் தொழிலில் அது 10 தான். தொழிலாளியின் பங்கு முழுவதும் வைப்புநிதிக்குப் போகிறது. முதலாளியின் பங்கில் 8.33 ஓய்வூதிய நிதிக்கும், எஞ்சிய சிறுபகுதி வைப்புநிதிக்கும் பிரிகின்றன. மத்திய அரசு தன் சார்பில் 1.16 சதவீதத்தை ஓய்வூதிய நிதியில் சேர்க்கிறது. 58 வயதில் ஓய்வூதியம் பெற, குறைந்தது பத்து ஆண்டுப் பணி வேண்டும். கடைசி 60 மாத ஊதியத்தின் சராசரியைப் பணியாண்டுகளால் பெருக்கி 70-ஆல் வகுத்தால் வருவதே மாத ஓய்வூதியம்; 20 ஆண்டு நிறைந்தவர்களுக்குச் சலுகையாக இரண்டு ஆண்டுகள் கூட்டப்படும்.

மாதம் 3,000 ரூபாய் என்று பதிவான கூலியில் 20 ஆண்டு சுற்றிய ஒருவருக்கு, 3,000-ஐ 22-ஆல் பெருக்கி 70-ஆல் வகுத்தால் ஏறத்தாழ 943 ரூபாய் வரும். 2014 செப்டம்பர் முதல் குறைந்தபட்ச ஓய்வூதியம் 1,000 என்று அரசு நிர்ணயித்திருப்பதால் அவருக்கு 1,000 கிடைக்கிறது. இத்திட்டத்தில் கணக்கில் எடுத்துக்கொள்ளப்படும் ஊதியத்தின் உச்சவரம்பாகிய 15,000 ரூபாயில் 33 ஆண்டுகள் பணியாற்றியவருக்கோ 7,500 ரூபாய். ஆகவே ஓய்வூதியத்தைத் தீர்மானிப்பவை இரண்டே: பதிவான ஊதியம், பதிவான ஆண்டுகள். ஒரு பெயரில் வாங்கிய இலையைத் தாயும் மகளும் சேர்ந்து சுற்றுவதும், வேலை குறைந்த மாதங்களில் பதிவு மெலிவதும், இடையில் ஒரு கம்பெனியை விட்டு வேறொன்றுக்குப் போகும்போது பழைய கணக்கை முடித்துப் பணத்தை எடுத்துவிடுவதும் இத்தொழிலில் சகஜம். உழைத்தது முழுவதும் ஏட்டில் ஏறாதபோது, எத்துணை நேர்மையான நிதியும் ஏட்டில் ஏறியதற்கு மட்டுமே பலன் தரும்.

பணம் போகும் இடங்கள்

இனி, அந்த ஓர் அணாக்கள் எங்கே போயின என்பதைப் பார்ப்போம். சாதாரண வங்கி, போட்டவர் நாளைக்கே வந்து கேட்பார் என்னும் அச்சத்தில் வாழ்கிறது. ஓய்வூதிய நிதிக்கு அந்த அச்சம் இல்லை. இருபது வயதுத் தொழிலாளி ஓய்வூதியம் கேட்டு ஏறக்குறைய நாற்பது ஆண்டுகளுக்கு வரமாட்டார். எனவே நீண்டகாலத்துக்குக் கடன் கொடுக்க வல்ல பணம் ஒரு நாட்டில் எங்கே இருக்கிறது என்று தேடினால், அது பெரும்பாலும் முதுமைக்கென்று சேர்த்த பணமாகவே இருக்கும். ஆரம்ப காலத்தில் நம் வைப்புநிதி முழுவதும் மத்திய அரசின் கடன்பத்திரங்களிலேயே இடப்பட்டது. பாபநாசத்து நூற்பாலைத் தொழிலாளியின் அணாவும் தாழையூத்துத் தொழிலாளியின் அணாவும், அவர்கள் அறியாமலே, ஐந்தாண்டுத் திட்டங்களின் மூலதனத்தில் கலந்தன. இன்று அந்த நிதி 20 லட்சம் கோடி ரூபாயைத் தாண்டி நிற்கிறது.

கடன்பத்திரத்தின் வட்டி நிச்சயமானது. ஆயினும் விலைவாசி ஏறும் காலத்தில் அது தேய்வது. இதை முதலில் உணர்ந்து துணிந்தவர்களுள் ஒருவர், இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரைச் சேர்ந்த இம்பீரியல் டொபாக்கோ என்னும் சிகரெட் கம்பெனியின் ஓய்வூதிய நிதிக்கு 1947-ல் பொறுப்பேற்ற ஜார்ஜ் ராஸ் கூபி. அக்காலத்துப் பெரியோர் அபாயம் என்று எச்சரித்ததைப் பொருட்படுத்தாமல், அவர் அரசுக் கடன்பத்திரங்களை விற்று, சிறிது சிறிதாக நிதியைக் கம்பெனிப் பங்குகளுக்கு மாற்றினார். அந்தப் பங்குகள் யுத்தத்துக்குப் பிந்திய விலையேற்றத்தையும் விஞ்சி வளர்ந்தன. நம் வைப்புநிதி அந்தப் பாதையில் அடியெடுத்து வைத்தது 2015 ஆகஸ்டில். புதிதாக வரும் பணத்தில் முதலில் நூற்றுக்கு 5, பின்னர் 15 என்ற அளவில் பங்குச்சந்தைக் குறியீட்டு நிதிகளில் முதலீடு செய்யத் தொடங்கிற்று. 1989-90 முதல் ஒரு பத்தாண்டுக் காலம் நூற்றுக்கு 12 ஆக இருந்த வைப்புநிதி வட்டி, 2024-25-ல் 8.25 ஆக இருந்தது.

இந்த நிதிகளுக்குத் தேச எல்லையும் இல்லை. நம் தேசிய நெடுஞ்சாலை ஆணையம் கர்நாடகம், தெலங்கானா, குஜராத், ராஜஸ்தான் சாலைகளின் சுங்க வருமானத்தைக் கொண்டு 2021-ல் அமைத்த முதலீட்டு அறக்கட்டளையில், கனடா தேசத்தின் பொது ஓய்வூதிய நிதியும், அந்நாட்டின் ஒன்டாரியோ மாகாண ஆசிரியர்களின் ஓய்வூதிய நிதியும் நூற்றுக்கு 25 வீதம் பங்கு வாங்கின. நம் லாரிக்காரர் சுங்கச்சாவடியில் செலுத்துகிற பணத்தில் ஒரு துளி, பனி படர்ந்த அந்நாட்டில் ஓய்வாக வாழும் ஓர் ஆசிரியையின் மாத வருமானத்தில் போய்ச் சேர்கிறது.

பெரும்பணம் சேர்கிற இடத்தில் அபாயமும் சேர்கிறது. 1963 டிசம்பரில் அமெரிக்காவின் ஸ்டூடிபேக்கர் மோட்டார் கம்பெனி தன் சௌத் பெண்டு ஆலையை மூடியபோது, ஓய்வூதிய நிதியில் போதிய பணம் இல்லாமையால், ஓய்வு வயதை எட்டாத ஏறத்தாழ 4,000 தொழிலாளர்களுக்கு அவர்களுக்குச் சேரவேண்டியதில் நூற்றுக்கு 15 மட்டுமே கிடைத்தது. அந்தக் கொடுமை கிளப்பிய கோபமே 1974-ல் அந்நாட்டின் ஓய்வூதியப் பாதுகாப்புச் சட்டமாக விளைந்தது. 1991-ல் பிரிட்டனில் பத்திரிகை அதிபர் ராபர்ட் மாக்ஸ்வெல் இறந்த பிறகு, தன் ஊழியர்களின் ஓய்வூதிய நிதியிலிருந்தே அவர் பல கோடிப் பவுன்களைக் கையாடியிருந்தது வெளிப்பட்டது. நம் நாட்டில் 2018-ல் ஐ.எல். அண்டு எப்.எஸ். என்னும் நிதி நிறுவனம் நொடித்தபோது, உயர்ந்த தரச்சான்று பெற்ற பத்திரம் என்று நம்பி அதில் பணம் இட்டிருந்த வைப்புநிதி அறக்கட்டளைகள் தவித்தன. இலங்கையிலோ தனியார் குற்றம் ஏதுமின்றி, அரசே கடனில் மூழ்கியதால், 2023-ல் ஊழியர் சேமலாப நிதி தன்னிடமிருந்த அரசுப் பத்திரங்களை, காலம் நீண்டு வட்டி குறைந்த பத்திரங்களாக மாற்றிக்கொள்ள நேர்ந்தது. முதலைப் பல சபைகளிடம் பகிர்ந்து வைத்த திருச்செந்தூர் ஏற்பாட்டின் அருமை இத்தகைய தருணங்களில்தான் புலப்படுகிறது.

காசில் சொன்ன வாக்கு

திருட்டும் திவாலும் பத்திரிகைகளில் பெரிய எழுத்தில் வருகின்றன. ஆனால் ஓய்வூதியத்தை மிகுதியாகத் தின்பது, சத்தமில்லாமல் ஏறும் விலைவாசி. அரசு ஊழியரின் உபகாரச் சம்பளம் இதிலிருந்து பெருமளவு தப்பியது. அது எந்த நிதியிலிருந்தும் வராமல் நேரே வரிப்பணத்திலிருந்து வந்ததாலும், அகவிலை நிவாரணம் அதனோடு பிணைக்கப்பட்டிருந்ததாலும், ஓய்வு பெற்றவரின் அடுப்பில் ஏறும் அரிசியின் அளவு அதிகம் குறையவில்லை. 1982 டிசம்பர் 17-ல் நகாரா என்பவரின் வழக்கில் உச்சநீதிமன்றம், ஓய்வூதியம் அரசின் கருணையோ கொடையோ அன்று, முன்னரே செய்து முடித்த சேவைக்கு உரிய பாத்தியதை என்று அறுதியிட்டு உரைத்தது. ஆனால் ஆயுள் நீள நீள, வரிப்பணத்தின்மேல் அந்தச் சுமை ஏறியது. 2003 ஏப்ரல் முதல் சேர்ந்த தமிழ்நாட்டு அரசு ஊழியர்களும், 2004 ஜனவரி முதல் சேர்ந்த மத்திய அரசு ஊழியர்களும், தாங்கள் ஒரு பங்கும் அரசு ஒரு பங்கும் இடுகிற பங்களிப்புத் திட்டத்துக்கு மாற்றப்பட்டார்கள். பழைய முறையில் கிடைக்கப்போகும் தொகை நிச்சயம். புதிய முறையில் கட்டவேண்டிய தொகை மட்டுமே நிச்சயம், கிடைப்பது சந்தையின் கையில். பழையதைத் திரும்பக் கேட்டு நம் மாநிலத்து ஆசிரியர்களும் ஊழியர்களும் நெடுங்காலம் போராடியதன் நியாயம் இந்த வேறுபாட்டில் அடங்கியிருக்கிறது. 2025 ஏப்ரலில் மத்திய அரசு, 25 ஆண்டு பணிசெய்தவர்களுக்குக் கடைசிப் பன்னிரண்டு மாத அடிப்படைச் சம்பளத்தின் சராசரியில் பாதியையும் அகவிலை நிவாரணத்தையும் உறுதி செய்யும் ஒருங்கிணைந்த திட்டத்தைக் கொண்டுவந்தது, வெறும் பங்களிப்பு போதாது என்பதை அரசே ஒருவாறு ஒப்புக்கொண்டதற்கு அடையாளம்.

தனியார் தொழிலாளியின் நிலைமை வேறு. 1995-ம் ஆண்டுத் திட்டத்தின் ஓய்வூதியத்தோடு அகவிலை நிவாரணம் பிணைக்கப்படவில்லை. 2014-ல் 1,000 ரூபாய் என்று வகுத்த குறைந்தபட்சத் தொகை, அரிசியும் பருப்பும் மருந்தும் ஏறிய விலையைக் கண்டும் காணாததுபோல் ஆண்டுக்கணக்கில் அதே இடத்தில் நின்றது. முதியோர் உதவித்தொகையோ, 1962-ல் காமராஜர் ஆட்சியில் மாதம் 20 ரூபாயாகத் தொடங்கி, அரசுகள் மாற மாற உயர்த்தப்பட்டு, 2023 ஆகஸ்டில் 1,200 ஆயிற்று. சட்டசபையில் குரல் எழுப்பி உயர்த்தத்தக்க தொகை உயர்ந்தது. சூத்திரத்தில் பூட்டிவைத்த தொகை உயரவில்லை. நாம் தொடக்கத்தில் கண்ட விசித்திரத்துக்கு விடை இதுவே.

அமைப்புசாராத் தொழிலாளர்களுக்கென 2015-ல் தொடங்கிய அடல் ஓய்வூதியத் திட்டத்திலும் இதே சிக்கல் மறைந்திருக்கிறது. 18 வயதில் சேர்கிற ஒருவர் மாதம் 210 ரூபாய் கட்டிவந்தால், 60 வயது முதல் மாதம் 5,000 ரூபாய் நிச்சயம் என்பது அதன் வாக்கு. வாக்கு பொய்யன்று. ஆனால் 42 ஆண்டுகள் விலைவாசி ஆண்டுக்கு நூற்றுக்கு ஐந்து வீதம் ஏறினால், அன்றைய 5,000 ரூபாய் இன்றைய ஏறத்தாழ 650 ரூபாய்க்குத்தான் ஈடாகும். சேர வேண்டாம் என்று இதனால் சொல்வதற்கில்லை. ஒன்றுமில்லாமைக்கு அது எவ்வளவோ மேல். அது மட்டும் போதும் என்று நிம்மதியாக இருந்துவிடலாகாது என்பதே கருத்து.

வரகுணனின் சபையார் நெல்லாய் அளந்ததை நாம் காசாய் எண்ணத் தொடங்கியதில்தான் குறை நுழைந்தது. ஓய்வூதிய நிதி ஒன்றை மதிப்பிடும்போது, அதில் எத்தனை லட்சம் கோடி குவிந்திருக்கிறது என்றோ, இவ்வாண்டு வட்டி எவ்வளவு என்றோ கேட்பதைவிட, அது தரும் மாதத்தொகை இன்று எத்தனை படி அரிசி வாங்கும், பத்தாண்டு கழித்து எத்தனை படி வாங்கும் என்று கேட்பதே சரியான கேள்வி. குறைந்தபட்ச ஓய்வூதியத்தையும் ஊதிய உச்சவரம்பையும் விலைவாசிக் குறியீட்டோடு பிணைத்து, ஆண்டுதோறும் தாமே உயரும்படி செய்வது, இந்த நிதியைப் பரிபாலிப்போரும் பாராளுமன்றமும் மேற்கொள்ள வேண்டிய காரியம். அதற்குப் பணம் வேண்டும். சந்தா உயர வேண்டும், அல்லது அரசு தன் 1.16 சதவீதத்தைப் பெருக்க வேண்டும். இந்தக் கணக்கைச் சொல்லாமல் வாக்கை மட்டும் சொல்வது நாணயமாகாது.

அதுவரையில் தொழிலாளியும் அவர் வீட்டாரும் செய்யத்தக்கவை சில உண்டு. பெயரும் பிறந்த தேதியும் ஆதாரிலும் வைப்புநிதிக் கணக்கிலும் ஒன்றாக இருக்கின்றனவா, கம்பெனி மாதந்தோறும் செலுத்தியது பதிவாகிறதா என்று, வீட்டில் படித்த பிள்ளை ஒருவர் கைப்பேசியிலேயே பார்த்துவிடலாம். வாரிசு நியமனத்தை எழுதி வைக்கவேண்டும். வேலை மாறும்போது ஓய்வூதியப் பகுதியைச் சில்லறையாக எடுத்துவிடாமல், திட்டச் சான்றிதழ் பெற்றோ கணக்கை மாற்றியோ ஆண்டுகளைத் தொடரவேண்டும்; ஒன்பது ஆண்டில் எடுத்தவருக்கு மாத ஓய்வூதியம் இல்லை, பத்து நிறைந்தவருக்கு ஆயுள் முழுதும் உண்டு. ஓய்வூதியம் பெறுவோர் ஆண்டுதோறும் தாம் உயிரோடிருப்பதற்குத் தர வேண்டிய சான்றுக்கு, உழைத்துத் தேய்ந்த விரலின் ரேகை பதியாவிட்டால், முகத்தைக் கொண்டே அடையாளம் காட்டும் வசதி இப்போது வந்துவிட்டது.

இவை அற்பக் காரியங்களாகத் தோன்றலாம். ஆனால் ஏட்டில் ஒரு மாதம் விடுபட்டால் அந்த மாதத்து உழைப்பு சட்டத்தின் கண்ணில் நடக்கவே இல்லை. சபையார் முதலைக் காப்பது அவர்கள் கடமை. தம் பெயருக்கு உரியது முழுவதும் அந்த ஏட்டில் ஏறியிருக்கிறதா என்று பார்ப்பதும், அளக்கப்படும் மரக்கால் சுருங்கிவிடாமல் வாதாடுவதும், முதல் கொடுத்தவர்களாகிய தொழிலாளர்களின் உரிமை.